மிதி மெஷினில் க்வில்ட் தைக்கும்போது: அறிகுறி வாரியாகக் கோளாறு பிடிக்கும் முறை

பழைய மிதி மெஷின் பாவாடை, தலையணை உறை எல்லாம் ஒழுங்காகத் தைக்கும். க்வில்ட்டை வைத்ததும் முரண்டு பிடிக்கும். காரணம் எளிது. மேல் ஒட்டுத்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கு சேர்ந்துவிட்டால், மெல்லிய துணியில் வெளியே தெரியாத சின்னச் சின்னத் தளர்வெல்லாம் ஒரே நேரத்தில் முகம் காட்டும். எட்டு முனை கூடும் நட்சத்திர வடிவ ஒட்டுவேலையின் நடுவில் மடிப்புகள் குவிந்து ஒரு மேடே உருவாகிவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

1. புது ஊசி போடுங்கள். இப்போதுதான் மாற்றினோம் என்று தோன்றினாலும் மாற்றுங்கள்.
2. மேல் நூலை முழுவதும் உருவிவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிய நிலையில் மறுபடி கோர்த்துவிடுங்கள்.
3. பாபினை வெளியே எடுத்து, திரும்பவும் போட்டு, நூல் ஸ்பிரிங்குக்கு அடியில் போகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.
4. ஊசித் தகட்டைக் கழற்றிப் பஞ்சுத் தூசியை எடுங்கள்.
5. அதே துணி, அதே நடுப்பஞ்சில் ஒரு கை அகலத் துண்டு செய்து, மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம் நூல் போட்டுத் தைத்துப் பாருங்கள். ஒற்றைத் துணியில் சோதித்தால் க்வில்ட்டின் கோளாறு தெரியாது.

அறிகுறி: மிதி கனமாக இருக்கிறது

முதலில் பெல்ட்டைப் பெரிய சக்கரத்திலிருந்து நழுவவிட்டு, கோளாறு மேலேயா கீழேயா என்று பிரித்துவிடுங்கள். கைச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு வெறும் மிதியை மிதியுங்கள்.

மேலே கனமாக இருந்தால்: பழைய எண்ணெய் காய்ந்து அரக்காகிப் பிடித்திருக்கும். பல வருடம் மூலையில் கிடந்த மெஷினுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயம். உலோகத்தோடு உலோகம் உரசும் எல்லா இடத்திலும், எல்லா எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. ஊசியில் நூல் இருக்கக் கூடாது. மறுநாள் கருப்பாக ஒழுகியதைத் துடைத்துவிட்டு, அதே இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். மண்ணெண்ணெய் பழைய எண்ணெயைக் கழுவிவிடுமே தவிர உராய்வைத் தடுக்காது. அதோடு நிறுத்தினால் மெஷின் தேயும். இறுக்கம் விடாவிட்டால் தலை உலர்த்தும் கருவியால் அந்த இடத்தை மிதமாகச் சூடாக்கி மீண்டும் முயலுங்கள். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், அதுதான் அரக்காக மாறும். தங்கப் பூவேலை உள்ள பகுதியில் ஸ்பிரிட் படக் கூடாது. அடியில் இருக்கும் மெருகு கரைந்து, பூவேலையும் துணியோடு வந்துவிடும்.

கைச்சக்கரம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டி நின்றால் அது எண்ணெய்ப் பிரச்சினை இல்லை. ஷட்டில் (மேல் நூலைப் பிடித்துக் கீழ் நூலோடு பின்னும் பகுதி) இருக்கும் இடத்தில் நூல் துணுக்கோ உடைந்த ஊசி முனையோ சிக்கியிருக்கும். பாபின் கேஸையும் ஷட்டிலையும் கழற்றிப் பாருங்கள். கருப்பு நூல் துணுக்கு எண்ணெயில் ஊறி இரும்போடு இரும்பாகத் தெரியும். வெளிச்சம் பிடித்து, குண்டூசி முனையால் பாதை முழுக்க ஒரு சுற்று இழுத்தால்தான் வரும்.

கீழே கனமாக இருந்தால்: மிதியின் இரு பக்கமும் தாங்கும் கூம்புத் திருகுகள் அதிகம் இறுகியிருக்கலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று பின்வாங்கி, மறுபடி பூட்டுங்கள். மிதியைத் தூக்கி விட்டால் அதுவாகவே கீழே விழ வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அதுதான் அளவு. பெரிய சக்கரத்தின் அச்சுக்கும், மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் இரு முனைக்கும் எண்ணெய் விடுங்கள்.

இரண்டும் தனித்தனியாக இலகுவாகச் சுற்றி, பெல்ட்டை மாட்டியதும் கனத்தால்: பெல்ட் இறுக்கம் அதிகம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஒவ்வொரு மிதிக்கும் "டக்" என்று சத்தம் வந்தால்: அதே பிரிப்புதான். பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தால் இணைப்புத் தண்டின் மேல் முனை தளர்ந்திருக்கிறது. மரத் தண்டாக இருந்தால் திருகுத் துளை பெரிதாகியிருக்கும்.

எப்போது மெக்கானிக்: வார்ப்பிரும்புக் காலிலோ சக்கரத்திலோ விரிசல் தெரிந்தால். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது தேர்ந்தவர் வேலை.

அறிகுறி: பெல்ட் வழுக்குகிறது

தடித்த மடிப்பு வரும்போது கால் ஓடுகிறது, ஊசி நிற்கிறது. இது க்வில்ட்டுக்கே உரிய தொல்லை. தோல் பெல்ட் பழக்கத்தில் நீளும். வழக்கமான கனம் 3/16 அங்குலம், ஏறக்குறைய 5 மி.மீ.

முதலில் பெல்ட்டில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் துணியால் துடைத்து, கைச்சக்கரப் பள்ளத்தையும் துடையுங்கள். அது போதாவிட்டால் பெல்ட்டின் இரு முனைகளையும் இணைக்கும் கம்பிக் கொக்கியின் ஒரு முனையைக் கழற்றி, கால் அங்குலம் மட்டும் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டுங்கள். ஒரேயடியாக ஒரு அங்குலம் வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெட்டிய தோலை ஒட்ட முடியாது. மாட்டிய பின் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். கைச்சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தால் பெல்ட் வழுக்க வேண்டும். அந்த வழுக்கல் தேவை, ஊசி எதிலாவது சிக்கும்போது மெஷினைக் காப்பது அதுதான்.

கொக்கி கைச்சக்கரத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் "டிக்" என்றால் கொக்கியின் முனைகள் வெளியே நீட்டியிருக்கின்றன. குறடால் அழுத்தித் தோலுக்குள் பதியுங்கள். தோல் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: தொடங்கும்போது சக்கரம் பின்னால் ஓடி நூல் அறுகிறது

இது மெஷின் கோளாறு இல்லை, கால் கோளாறு. பெரும்பாலான மெஷின்களில் கைச்சக்கரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். ஒயிட் ஃபேமிலி ரோட்டரி போன்ற சில மட்டும் எதிர்த்திசை. தவறான திசையில் அரைச் சுற்று போனாலே நூல் ஷட்டிலில் சுருண்டு அறுந்துவிடும்.

இரு பாதங்களையும் மிதியில் வையுங்கள், ஒன்று சற்று முன்னால், மற்றது சற்றுப் பின்னால். வலது கையால் கைச்சக்கரத்தைச் சரியான திசையில் தள்ளிவிட்டு, அந்த ஓட்டத்தை கால் பிடித்துக்கொள்ளட்டும். நிறுத்துவதும் கையால்தான். மெஷினின் அழுத்தும் பாதத்தைத் தூக்கி, நூலும் ஊசியும் இல்லாமல் பத்து நிமிடம் வெறுமனே மிதித்துப் பழகுங்கள். ஊசி மேலே வந்த நிலையில் நிறுத்தவும், அதே இடத்தில் தொடங்கவும் கால் கற்றுக்கொள்ளும் வரை க்வில்ட்டைத் தொடாதீர்கள்.

அறிகுறி: கைச்சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

பாபின் சுற்றியபின் கைச்சக்கரத்தின் நடுத் திருகை இறுக்க மறந்திருப்பீர்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் அதன் பின்னால் உள்ள வாஷர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. திருகின் நடுவிலுள்ள சின்ன நிறுத்து திருகைத் தளர்த்தி, பெரிய திருகைக் கழற்றுங்கள். வாஷரின் உள்வட்டத்தில் இரண்டு காது வளைந்திருக்கும், அவை வெளிப்பக்கம், அதாவது உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் வாஷரை அரைவட்டம் திருப்பிப் போடுங்கள். அந்த அரைவட்டத்தை அறியாமல் எத்தனையோ மெஷின்கள் கெட்டுப்போனதாக ஓரங்கட்டப்பட்டிருக்கின்றன.

அறிகுறி: தையல் விட்டுவிட்டு விழுகிறது

எல்லா இடத்திலும் விட்டால்: ஊசி தவறு. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஊசி மேலே முட்டும் வரை ஏறியிருக்கிறதா. இரண்டு, பக்கம் சரியா. ஊசியின் நீளமான பள்ளம், நூல் கடைசியாக வரும் வளையத்தைப் பார்த்து இருக்க வேண்டும், தட்டையான பக்கம் ஷட்டில் பக்கம். பழைய மெஷின்களில் நூல் இடமிருந்து வலமாகவும் கோர்ப்பார்கள், வலமிருந்து இடமாகவும் கோர்ப்பார்கள். சிங்கர் 127 இடமிருந்து வலம், சிங்கர் 66 வலமிருந்து இடம். இன்றைய மெஷின் பழக்கத்தில் முன்பக்கமிருந்து கோர்த்தால் ஒரு தையலும் விழாது. மூன்று, ஊசியின் வகை. இன்று எங்கும் கிடைக்கும் 15×1 ஊசி பெரும்பாலான சிங்கர்களுக்குப் பொருந்தும், ஆனால் மிகப் பழைய சிங்கர் 12 போன்றவற்றுக்கு நீளம் வேறு. ஊசியின் நீளம் மாறினால் காது ஷட்டில் முனைக்கு எட்டாது.

தடித்த மடிப்பில் மட்டும் விட்டால்: துணி ஊசியோடு சேர்ந்து எழும்புகிறது. தலைக்கு அருகே குனிந்து, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி மேலே ஏறும்போது க்வில்ட்டும் ஒரு நூல் அளவு கூடவே ஏறி, பிறகு பட்டென்று விழும். அப்படி ஏறும் கணத்தில் ஊசிக்குப் பின்னால் நூல் வளையம் உருவாகாது, ஷட்டில் முனைக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. பாதத்தின் அழுத்தத் திருகை அரைச் சுற்று இறுக்குங்கள். துண்டுகளை இணைக்க 80/12 ஊசி போதும். மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்க 90/14 போடுங்கள். கனமான ஊசி பெரிய துளை போடுவதால் துணி ஒட்டிக்கொண்டு வராது.

அடுக்குகளை ஒட்டும் ஸ்பிரே போட்டிருந்தால்: ஊசியைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஊசியை மட்டும் கழற்றித் துடையுங்கள்.

கைபோன போக்கில் க்வில்ட்டை நகர்த்தித் தைக்கும்போது மட்டும் விட்டால்: உங்கள் கை காலை முந்துகிறது, அல்லது இவ்வகைத் தையலுக்கு மாட்டும் டார்னிங் பாதம் துணியைத் தொடாமல் உயரத்தில் நிற்கிறது. ஊசி கீழே இருக்கும்போது பாதம் க்வில்ட்டை லேசாக அழுத்த வேண்டும், மேலே போனதும் விட வேண்டும்.

ஊசி ஒருமுறை ஊக்கில் மோதியபின் தொடங்கினால்: ஊசித் தண்டு மேல்நோக்கி நழுவியிருக்கும். ஊசியை அதன் கீழ் எல்லைக்குக் கொண்டுபோங்கள். பல சிங்கர்களின் தண்டில் இரண்டு மெல்லிய கோடுகள் இருக்கும். அந்த நிலையில் மேல் கோடு, தண்டு வெளிவரும் உறையின் கீழ் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். கோடு இல்லாத மெஷினில் ஊசி கீழ் எல்லையைத் தொட்டு 2 மி.மீ. ஏறும்போது, ஷட்டில் முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே கடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்போது மெக்கானிக்: ஊசி உயரம் சரி, முனை மட்டும் முன்னதாகவோ பின்னதாகவோ வருகிறது என்றால். ஷட்டில் முனை மழுங்கியிருந்தாலும் அதுவே. அந்த முனையை நீங்களே ராவினால் அளவு போய்விடும், மாற்று ஷட்டில் தேட வேண்டிவரும்.

அறிகுறி: அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் கூடு தெரிந்தாலும் குற்றவாளி மேல் நூல். பாதம் கீழே இருக்கும்போது கோர்த்ததால் நூல், அதன் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே போகாமல் மேலே உட்கார்ந்திருக்கும். பல மெஷின்களில் பாதத்தைத் தூக்கினால்தான் தட்டுகள் திறக்கும்.

சரியாகக் கோர்த்தும் கூடு வந்தால் தட்டுகளுக்கு நடுவில் பழைய நூல் பிசிறு இருக்கும். மெல்லிய பருத்தித் துணியின் ஓரத்தைத் தட்டுகளுக்குள் விட்டு, பல் தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள்.

வரியின் தொடக்கத்தில் மட்டும் கூடு என்றால், பாபின் நூலை மேலே எடுத்து இரண்டு நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலைக் கையால் சுற்றிப் போடுங்கள்.

அறிகுறி: முடிச்சு மேலேயோ கீழேயோ தெரிகிறது

க்வில்ட்டில் மேல் நூலும் கீழ் நூலும் பின்னும் முடிச்சு நடுப்பஞ்சுக்குள் மறைய வேண்டும். பாபினிலிருந்து தொடங்குங்கள், மேலிருந்து தொடங்காதீர்கள். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது, லேசாக ஒரு குலுக்குக் குலுக்கினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். இல்லையென்றால் பாபின் கேஸின் பக்கத்துத் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் திருப்புங்கள். அதற்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம். சிங்கர் 27, 127 போன்றவற்றின் தோட்டா வடிவ ஷட்டிலில் ஸ்பிரிங்குக்கு அடியில் பஞ்சுத் தூசி ஒரு கோடாகப் படிந்திருக்கும். தபால் உறையின் மூலையை நுழைத்து இழுத்தால் வெளியே வரும். தூசி வந்ததும் டென்ஷன் தானாகவே மாறிவிடும், ஆகவே சுத்தம் செய்த பிறகே திருகைத் தொடுங்கள்.

பிறகு பாதத்தைக் கீழே இறக்கிய நிலையில் மேல் டென்ஷன். கீழ் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேலே இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். மேல் நிறம் அடியில் தெரிந்தால் இறுக்குங்கள். திருப்பியும் ஒன்றும் மாறாவிட்டால் தட்டுகள் தவறாகக் கோர்க்கப்பட்டிருக்கலாம். இரு தட்டுகளின் குவிந்த முதுகுகளும் ஒன்றையொன்று தொட வேண்டும்.

அறிகுறி: துணி நகரவில்லை, தையல் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது

க்வில்ட்டின் எடை: மேஜையிலிருந்து தொங்கும் பகுதி இழுப்பதுதான் முதல் காரணம். மிதி மெஷினின் பலகை சின்னது. இடது பக்கமும் பின்னாலும் அதே உயரத்தில் மேஜை போட்டு, முழு எடையும் தாங்கட்டும். இதைச் செய்யாமல் வேறு எதையும் சரிசெய்யாதீர்கள்.

பல் (அடியிலிருந்து துணியை நகர்த்தும் பற்கள்): தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்களின் வரிசைகளுக்கு இடையில் பஞ்சு அழுந்தி அழுந்தி, சாம்பல் நிறக் கம்பளிபோல் கெட்டியாகி, பல்லை உயர விடாமல் தடுக்கும். ஊசியால் நெம்பினால் ஒரே பட்டையாக உரிந்துவரும். நடுப்பஞ்சு வைத்துத் தைக்கும் நாட்களில் ஒவ்வொரு இரண்டு பாபினுக்கும் ஒருமுறை பார்க்கலாம்.

பல் இறக்கப்பட்டிருக்கிறதா: சிங்கர் 15-88 போன்றவற்றில் அடியில் ஒரு திருகு பல்லை இறக்கும். 127-இல் அந்த வசதியே இல்லை, கைபோன போக்கில் தைக்கப் பல்லின் மேல் மூடு தகடு போட வேண்டும், அல்லது தையல் நீளத்தைக் குறைந்தபட்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளம்: துண்டு இணைக்க அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல், மூன்று அடுக்கைத் தைக்க 8 முதல் 10. எண் எதுவும் இல்லாத மெஷினில் தைத்து, அளவுகோலை வைத்து எண்ணுங்கள். பின்தையல் வசதி இல்லாத மெஷினில் வரியின் இறுதியில் நூலை நீளமாக விட்டு, முடிச்சிட்டு, கையூசியால் நடுப்பஞ்சுக்குள் புதையுங்கள்.

எப்போது மெக்கானிக்: விரல் வைத்தால் பற்கள் வழுவழுவென்று இருந்தால், அல்லது பல் தகட்டுக்கு மேல் போதிய உயரம் வராவிட்டால்.

அறிகுறி: அடித்துணி சுருங்குகிறது, அடுக்குகள் நகர்கின்றன

பல் அடித்துணியை இழுக்கிறது, பாதம் மேல்துணியைத் தடுக்கிறது. ஊக்குகளை ஒரு கையகலத்துக்கு ஒன்று என்று குத்துங்கள். அல்லது அதே இடைவெளியில் தற்காலிக ஓட்டுத் தையல் போடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். பாத அழுத்தத்தைச் சற்றுக் குறையுங்கள். மேலே தையல் விடுபட்டதற்கு இறுக்கியது இங்கே எதிராக வேலை செய்யும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும்.

அடுத்தது நடக்கும் பாதம், அதாவது மேல்துணியையும் பல்லோடு சேர்த்து நகர்த்தும் பாதம். குட்டைக் கால் அமைப்புக்கான பாதம் வாங்குங்கள், அதன் கவை ஊசியின் திருகின் மேல் உட்காரட்டும். மாட்டியதும் மிதிக்காதீர்கள், ஐந்தாறு சுற்று கையால் சுற்றி ஊசி எங்கும் தட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இந்தப் பாதத்தோடு மிதி சற்றுக் கனக்கும், அது இயல்பு.

அறிகுறி: மேல் நூல் அறுகிறது, ஊசி முறிகிறது

நூலை இரு கைகளால் இழுத்துப் பாருங்கள். பழைய பருத்தி நூல் பட்டென்று அறுந்தால் மக்கிப்போயிருக்கிறது, தூக்கி எறியுங்கள். நூல் நல்லதாக இருந்தால் நூல் போகும் பாதை முழுக்க, முக்கியமாக ஊசித் தகட்டின் துளை ஓரத்தில், நைலான் துணியைத் தேயுங்கள். துணி சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. மெல்லிய எமரித் தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு மெருகேற்றலாம். ஊசி முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் முனை வளைந்திருக்கிறது.

ஊசி அடிக்கடி முறிந்தால் கையால் க்வில்ட்டை இழுக்கிறீர்கள். கை வழிகாட்டட்டும், பல் இழுக்கட்டும். மூலை மேட்டைக் கையால் சக்கரம் சுற்றித் தாண்டுங்கள். பாதத்தின் திருகு தளர்ந்து ஊசி பாதத்தில் மோதுகிறதா என்றும் பாருங்கள். முறிந்த துண்டு எல்லாம் கிடைக்கும் வரை மிதிக்காதீர்கள். ஒரு துண்டு ஷட்டிலில் மாட்டினால் பாதை கீறிவிடும், அதுதான் இந்த மெஷினில் மிகவும் செலவு வைக்கும் காயம்.

அறிகுறி: க்வில்ட்டில் எண்ணெய்க் கறை

எண்ணெய் விட்ட அன்றே க்வில்ட்டை வைக்காதீர்கள். மாலையில் எண்ணெய் விட்டு, ஊசித் தண்டையும் பாதத் தண்டையும் துடைத்து, அடியில் வேண்டாத துணி வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் அந்தத் துணியில் கறை நிற்கும் வரை தைத்துப் பாருங்கள்.

அறிகுறி: பாபின் மேடும் பள்ளமுமாகச் சுற்றுகிறது

சுற்றியின் ரப்பர் வளையம் கெட்டியாகி வழுக்குகிறது, மாற்றுங்கள். பாபினையும் பாருங்கள்: சிங்கர் 66-க்கான பாபினின் இரு முகங்களும் லேசாகக் குவிந்திருக்கும், 15-க்கானது தட்டை. ஒன்றை மற்றதில் போட்டால் உள்ளே உட்காரும், ஆனால் நூல் தடுமாறித் தடுமாறி வரும்.